டாக்ரோலிமஸ் லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் முறை

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் மருந்துச் சீட்டில், புதுச் சிறுநீரகத்தை உடல் தாக்கி நிராகரிக்காமல் இருக்க, பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன். இவற்றில் அடிக்கடி ரத்தத்தில் அளந்து பார்க்கப்படுவது டாக்ரோலிமஸ். அளப்பது மருந்தைத்தான் என்றாலும், கட்டுக்குள் வைக்க நினைப்பது இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தை.

புதுச் சிறுநீரகத்தை அந்நியம் என்று கண்டுகொள்ளும் டி செல் என்ற எதிர்ப்பு வெள்ளையணுவுக்குள் கால்சிநியூரின் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது என்ஃபேட் என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் அனுப்ப, இன்டர்லூகின்-2 உற்பத்தி தொடங்குகிறது. அந்தப் புரதம் கிடைத்ததும் டி செல்கள் பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. டாக்ரோலிமஸ் அடைப்பது கால்சிநியூரினை. அறுவை சிகிச்சை நாளிலும் நான்காம் நாளிலும் சிலருக்கு 20 மி.கி. வீதம் ஏற்றப்படும் பாசிலிக்சிமாப், இன்டர்லூகின்-2 வந்து ஒட்டும் ஏற்பியை மறைக்கிறது.

அப்படியானால் இன்டர்லூகின்-2-ஐயே அளக்கலாமே? அது சுரந்த இடத்திலேயே வேலை செய்து, சில நிமிடங்களில் மறைந்துவிடும். கையில் எடுக்கும் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டோஸ் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் மருந்தின் அளவை நம்பியிருக்கிறோம். அந்த எண் பிசகினால் எல்லாமே பிசகும். மருந்து குறைந்தாலும் நிராகரிப்பால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவுப்பொருள்) ஏறும். மருந்து கூடினாலும், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாய் சுருங்கி, அதே கிரியேட்டினின் ஏறும். தவறான லெவலை வைத்து டோஸை மாற்றினால் நேர் எதிர்த்திசையில் போய்விடுவோம்.

வேண்டியது 'ட்ரஃப்' லெவல், அதாவது அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் அளவு. நாளுக்கு இருவேளை சாப்பிடுபவருக்கு முந்தைய டோஸிலிருந்து 12 மணி நேரம். ஒருவேளை மட்டும் போடும் நீள்வெளியீட்டு மாத்திரைக்கு 24 மணி நேரம். இரவு 9 மணிக்கு விழுங்கினால் காலை 9 மணிக்கு ரத்தம். லேப் கூட்டத்தில் அரை மணி முன்பின் ஆனால் பரவாயில்லை, இரண்டு மணி நேரம் தள்ளினால் அது ட்ரஃப் அல்ல.

1. முந்தின இரவு டோஸை வழக்கமான நேரத்தில் போட்டு, மணியைக் குறித்து வையுங்கள்.

2. காலை டாக்ரோலிமஸை வீட்டில் போடாமல் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிரஷர் மாத்திரை முதலிய மற்றவற்றை மருத்துவர் சொன்னபடி போடலாம்.

3. ரத்தம் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில்தான் எடுக்கப்பட வேண்டும். மருந்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் அணுக்களை நீக்கிய சீரத்தில் அளந்தால் பயனில்லை.

4. கடைசி டோஸ் நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

5. ஊசி எடுத்ததும் மாத்திரையைப் போடுங்கள்.

பழக்கதோஷத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டால் அன்று ரத்தம் கொடுக்காதீர்கள். விழுங்கிய 1 முதல் 3 மணி நேரத்தில் மருந்து உச்சத்துக்குப் போகும். அந்த எண்ணைப் பார்த்து டோஸைக் குறைத்தால் நிராகரிப்புக்கு வழி திறந்ததாகிவிடும். டோஸ் மாற்றிய மறுநாளே லெவல் பார்ப்பதும் வீண், 2–3 நாள் கழியட்டும். முடிந்தவரை ஒரே லேப்பில் பாருங்கள். இம்யூனோஅஸே முறை மருந்தின் சிதைபொருள்களையும் சேர்த்து எண்ணுவதால், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

இலக்கு எண் ஆளுக்கு ஆள் மாறும். தொடக்க மாதங்களில் 8–12, பிறகு 5–8 நானோகிராம்/மி.லி. என்ற அளவில் பல மையங்கள் வைக்கின்றன. பக்கத்துப் படுக்கைக்காரர் உங்களைப் போல இரண்டு மடங்கு மி.கி. சாப்பிடலாம். சிலர் உடலில் சிஒய்பி3ஏ5 நொதி வேகமாக மருந்தை உடைக்கும், அவ்வளவுதான். மி.கி.யை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

லெவல் திடீரென்று மாறினால் முதலில் புது மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று பாருங்கள். ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம், வெராபமில் லெவலை ஏற்றும். பம்ப்ளிமாஸ் பழமும் ஏற்றும். அதைத் தவிர்ப்பதே நல்லது. ஃபெனிட்டோயின், கார்பமசெபின், எல்லாவற்றுக்கும் மேலாகக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், லெவலைச் சரிய வைக்கும். நம் ஊரில் காசநோய் சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: காசநோய் சிகிச்சையை மாற்று சிகிச்சைக் குழுவுக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. பேதியானால் மருந்து வெளியேறி லெவல் குறையும் என்று நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் மருந்தை உடைக்கும் குடல் சுவர் சேதமாகி, கூடுதல் மருந்து உள்ளே போகிறது. மருந்துக் கடையில் பிராண்ட் மாறினாலும், இருவேளை மாத்திரைக்குப் பதில் ஒருவேளை மாத்திரை வந்தாலும், விழுங்குவதற்கு முன் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

கை நடுக்கம், சர்க்கரை ஏற்றம், பொட்டாசியம் ஏற்றம் ஆகியவை லெவல் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். டோஸை நீங்களாகக் குறைக்காமல் அன்றே ரத்தம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சிறுநீரில் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற சமிக்ஞைப் புரதங்களை அளந்து நிராகரிப்பை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் முறை ஆய்வில் இருக்கிறது. சிறுநீர்த் தொற்றிலும், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸிலும் அவை ஏறுவதால், அது மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

காய்ச்சல் விஷயம் தனி. காய்ச்சலை எழுப்பும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை பிரெட்னிசோலோன் அடக்கிவைப்பதால், கடுமையான தொற்றிலும் வெப்பமானி சாதுவாக இருக்கலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அல்லது அது இல்லாமலே குளிர் நடுக்கம், சோர்வு, சிறுநீர்க் குறைவு வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பக்கம் போக வேண்டாம். அவையும் சிறுநீரகத்தின் அதே ரத்தக் குழாயைத்தான் நெருக்கும்.