பாட்டில் வரும் ‘நான்’ யார்? ராண்டி நியூமனைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்போம். ஒருவர் ஒரு பாட்டைப் போடுவார், மற்றவர்கள் கேட்பார்கள், அப்புறம் பேச்சு. ஒரு வாரம் என் முறை வந்தபோது அமெரிக்கப் பாடகர் ராண்டி நியூமனின் ‘ஷார்ட் பீப்பிள்’ பாட்டைப் போட்டேன். பாதியிலேயே பக்கத்து வீட்டுத் தம்பி எழுந்துவிட்டான். அவன் உயரம் குறைந்தவன். பள்ளிக்கூட நாளிலிருந்து கேலி கேட்டே வளர்ந்தவன். “குட்டையா இருக்கிறவன் உயிரோட இருக்கவே காரணம் இல்லன்னு ஒருத்தன் பாடுறான். நீங்க தலையாட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே அண்ணே” என்றான்.

அவன் கோபம் நியாயமானது. ஒரு வார்த்தை முன்னால் சொல்லாமல் அந்தப் பாட்டைப் போட்டது என் தவறு. நியூமனை முதன்முதலில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாட்டில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அவருடைய பாட்டுகளில் அதிகம் பரவியது அதுதான். 1977இல் வந்தது, அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அங்கேயும் அதைப் பலர் நேராகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர், வானொலியில் அதை ஒலிபரப்பக் கூடாது என்று மசோதாவே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. பாட்டின் நடுவில் வேறு குரல்கள் புகுந்து, குட்டையானவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், எல்லாரும் சகோதரர்கள்தான் என்று பாடுகின்றன. அது முடிந்ததும் பழைய குரல் எதுவுமே காதில் விழாததுபோல மறுபடியும் வெறுப்பைத் தொடங்குகிறது. காரணமில்லாமல் வெறுக்கும் ஒரு மனிதனின் மண்டைக்குள் எப்படி இருக்கும் என்று காட்டும் பாட்டு அது. ஆனாலும் முதல் பாட்டாக அது சரிப்படாது என்பது என் கருத்து. வெறுப்பவன் யார், எந்த ஊர், என்ன தொழில் என்பதற்குப் பாட்டில் ஒரு துப்பும் கிடையாது. வேஷம் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும்.

நியூமன் 1943இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். சின்ன வயதில் கொஞ்ச காலம் நியூ ஆர்லியன்ஸில் இருந்தார். சித்தப்பா, பெரியப்பா மூன்று பேர் ஹாலிவுட் இசையமைப்பாளர்கள். அவர்களில் ஆல்ஃபிரெட் நியூமன் ஒன்பது ஆஸ்கர் வாங்கியவர். ராண்டியின் முதல் தொகுப்பு 1968இல் வந்தது. ‘டார்க் மேட்டர்’ 2017இல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது வருஷம். இந்த ஐம்பது வருஷமும் அவர் விடாமல் செய்த வேலை ஒன்று உண்டு. தான் இல்லாத ஒருவனாக வாயைத் திறந்து, அவன் பேச்சை அவனே பேசும்படி பாட்டு எழுதியது. அவருடைய பாட்டில் வரும் ‘நான்’ அநேகமாக அவர் இல்லை. இதைப் பிடித்துக்கொள்ளாமல் கேட்டால், ஒன்று அவரைக் கொடியவர் என்று நினைப்போம், இல்லையென்றால் அவர் எதையோ கிண்டல் செய்கிறார் என்று மேலோட்டமாகக் கடந்துபோவோம்.

தமிழ்க் காதுக்கு இது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வாலி எழுதி டி.எம்.எஸ். பாடியதை நாம் ‘எம்ஜிஆர் பாட்டு’ என்கிறோம். எழுதினவர் வேறு, பாடினவர் வேறு, பேசுகிற ஆள் வேறு என்பது நமக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தப் பேசுகிற ஆள் எப்போதும் நல்லவர், நாம் நம்ப வேண்டியவர். பாட்டில் ‘நான்’ என்று வந்தாலே அதன் பக்கம் நின்று கேட்கப் பழகிவிட்டோம். அதே நாம் நாடகக் கொட்டகையில் அப்படி இல்லை. ரப்பர் தோட்டக் கோயில் திருவிழாவில் துச்சாதனன் வேஷம் கட்டியவரைப் பார்த்து அன்று ராத்திரி மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். விடிந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தால் அவர் பழையபடி பால் வெட்டுகிற மாமாதான். அந்தக் கொட்டகைக் கண்ணைக் காதுக்குக் கொண்டுவந்தால் நியூமன் பாதி புரிந்துவிடுவார்.

படித்தவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. “ஓ, வஞ்சப்புகழ்ச்சி அணி” என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வஞ்சப்புகழ்ச்சி நமக்குப் பழக்கமானதுதான். புறநானூற்றில் அவ்வையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, இந்த வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன என்கிறார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்ச்சிபோல் வருகிறது, விழுவது குத்து. ஆனால் அங்கே பேசுகிறவர் அவ்வையார். அவருடைய அறிவு ஒவ்வொரு சொல்லிலும் நமக்குத் தெரிகிறது. நியூமனாக இருந்தால் தொண்டைமானாகவே மாறி, தன் வேல் எவ்வளவு பளபளப்பு என்று மனம் நிறைந்து பாடியிருப்பார். கண் சிமிட்ட மாட்டார், விளக்க மாட்டார். அந்த ஆளின் பெருமிதத்தை முழுசாக நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதை எடைபோடுவது நம் வேலை.

இதற்கு நான் எல்லாரையும் முதலில் கேட்கச் சொல்வது ‘செயில் அவே’. 1972இல் வந்தது. நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாத பாட்டு. ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரி நின்று, அங்குள்ள மக்களைக் கப்பலுக்கு அழைக்கிறான். அமெரிக்காவில் சாப்பாடு கிடைக்கும், காட்டில் ஓடிக் கால் தேய வேண்டாம், சிங்கம் புலி கிடையாது, பாம்பு கிடையாது, தர்பூசணி இனிக்கும், நாள் பூராவும் ஏசுவைப் பாடிக்கொண்டு ஒயின் குடிக்கலாம், வாருங்கள், பெருங்கடலைத் தாண்டி சார்ல்ஸ்டன் துறைக்குப் போவோம் என்கிறான். சார்ல்ஸ்டன் என்பது தென் கரோலினாவில், அடிமைகளை இறக்கி விற்ற பெரிய துறைமுகம். சவுக்கு, சங்கிலி என்று ஒரு சொல் பாட்டில் இல்லை.

எங்கள் குழுவுக்கு எதிர்வீட்டுப் பாட்டியும் வருவார், எண்பது தாண்டியவர். அவருடைய அப்பா 1920களில் சேலத்துப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு வந்தவர். இந்தப் பாட்டை நான் முதல் தடவை அர்த்தம் சொல்லாமல் போட்டேன். பாட்டி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “வேதக்காரங்க பாட்டாய்யா?” என்றார். அந்த அளவுக்கு மெதுவாக, பக்தியாக வயலின்கள் எழும்பும். இரண்டாம் தடவை ஒவ்வொரு அடியாக நிறுத்தித் தமிழில் சொன்னேன். சாப்பாட்டு அடி வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். “எங்கப்பாகிட்டயும் மொதல்ல சோத்தத்தான் சொன்னாங்களாம்” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இரண்டும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். அடிமைக் கப்பல் வேறு, கூலிக் கப்பல் வேறு. ஆப்பிரிக்கர்களை யாரும் பாட்டுப் பாடி அழைக்கவில்லை, பிடித்துக் கட்டித்தான் ஏற்றினார்கள். அந்த வியாபாரி பாடுவது, தன் நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற அழகான பொய். நம் ஊர்க் கங்காணியோ உண்மையிலேயே கிராமத்துக்கு வந்தான். அதே கிராமத்தான், அதே பேச்சு. தோட்டத்தில் கூலியாக இருந்தவனையே துரை ஊருக்கு அனுப்பி ஆள் சேர்த்துவரச் சொன்ன முறை அது. கொண்டுவந்த ஆட்களைக் கணக்குப் பார்த்து அவனுக்குத் தலைக்காசு. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை நடந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘அங்கேயும் இங்கேயும் ஒரே கதை’ என்று கேட்பதும் ஒரு தவறுதான். ஒற்றுமை எங்கே என்றால் பேச்சின் இனிப்பில்.

அதனால்தான் சொல்கிறேன், வரிகளை மட்டும் படித்துவிட்டு இந்தப் பாட்டுகளைத் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். காகிதத்தில் படித்தால் வியாபாரி அப்பட்டமான பொய்யன். இசையோடு கேட்டால் நமக்கே ஏறிவிடலாம் போலிருக்கிறது. பொய் எப்படி வேலை செய்கிறது என்பதை வயலின்தான் சொல்கிறது. ‘பொலிட்டிக்கல் சயன்ஸ்’ பாட்டிலும் இப்படித்தான். யாருக்கும் நம்மைப் பிடிக்கவில்லை, ஆகவே எல்லார்மேலும் குண்டைப் போட்டுவிடலாம் என்று ஓர் அமெரிக்கன் யோசனை சொல்கிறான். பியானோ ஏதோ பழைய கால மேடைப் பாட்டுக்கு வாசிப்பதுபோல் உல்லாசமாகப் போகிறது. குண்டுக்கும் அந்த உல்லாசத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உடம்பு சிலிர்க்கிறது.

குரல் பற்றியும் ஒன்று. எஸ்.பி.பி.யின் தேன் குரலில் ஊறிய காதுக்கு நியூமன் குரல் தூக்கக் கலக்கத்தில் முணுமுணுப்பதுபோல் இருக்கும். இரண்டு பாட்டு பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை) மேசையில் எதிரே உட்கார்ந்து ஓர் ஆள் மனசிலிருப்பதைச் சொல்வதற்கு அந்தக் குரல்தான் பொருத்தம்.

சிரித்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது அடுத்த தவறு. இதில் எனக்கு அக்கறை அதிகம். 1974இல் வந்த ‘ரெட்நெக்ஸ்’ பாட்டில் அமெரிக்காவின் தெற்கத்தி வெள்ளைக்காரன் ஒருவன் தன் இனவெறியைத் தானே ஒப்புக்கொண்டு பாடுகிறான். வடக்கே இருக்கும் படித்தவர்கள் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கடைசிப் பகுதியில் அவன் அவர்கள் பக்கம் திரும்புகிறான். வடக்கே கறுப்பர்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டதாம், ஆமாம், நியூயார்க்கின் ஹார்லெமில் அடைந்து கிடக்க விடுதலை, சிகாகோவில் அடைந்து கிடக்க விடுதலை, கிளீவ்லாந்தில், பாஸ்டனில் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்கிறான். சிரித்தவன் முகம் அங்கே மாறும். நம் பக்கமும் இது உண்டு. சாதி பார்ப்பதெல்லாம் எஸ்டேட் ஆட்களின் பழக்கம் என்று கோலாலம்பூரில் குடியேறிய உறவினர்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை தேடும்போது தரகரிடம் முதலில் கேட்பது அதைத்தான். தோட்டத்தில் இருந்த வெறுப்பு தோட்டத்தோடு முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இந்தப் பாட்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அதில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் திரும்பத் திரும்ப வரும். நாலு பேர் நடுவில் போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் இருந்தால் போடவே வேண்டாம்.

சரி, வேஷம் புரிந்துவிட்டது என்றதும் சிலர் எல்லாவற்றிலும் குத்தலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே 1974 தொகுப்பில் ‘மரீ’ என்று ஒரு பாட்டு. ஒருவன் குடித்துவிட்டு வந்து மனைவியிடம் பேசுகிறான். நிதானத்தில் இருந்தால் இதை உன்னிடம் சொல்லவே முடியாது, நான் உன்னை நேசிக்கிறேன் என்கிறான். அவள் கஷ்டத்தைச் சொன்னபோதெல்லாம் காது கொடுக்காமல் இருந்ததையும் அவனே ஒப்புக்கொள்கிறான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். சம்பள நாள் ராத்திரி சம்சுச் சாராய வாடையோடு வாசல்படியில் உட்கார்ந்து அழுகிற அப்பாக்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அந்த அன்பு மெய், அவன் செய்த கொடுமையும் மெய். நியூமன் இரண்டில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. இதைக் கிண்டல் என்று கேட்டால் அந்த மனிதனையும் இழந்துவிடுவோம், அவன் மனைவியையும் இழந்துவிடுவோம்.

‘லூசியானா 1927’ பாட்டும் அப்படித்தான், நேரான துயரம். 1927இல் மிசிசிப்பி கரைபுரண்ட வெள்ளம் பற்றியது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய இந்தப் பாட்டு அந்த மக்களின் பாட்டாகவே ஆனது. பாட்டில் அதிபர் கூலிட்ஜ் ரயிலில் வந்து பார்த்துப் பரிதாபப்படுகிறார். உண்மையில் கூலிட்ஜ் வெள்ளப் பகுதிக்குப் போகவே இல்லை, தன் வர்த்தக அமைச்சர் ஹூவரைத்தான் அனுப்பினார். அதற்குச் சில மாதம் முன்புதான், 1926 டிசம்பரில், மலாயாவிலும் பெருவெள்ளம் வந்து நம் பேராக் மாநிலத்தைப் புரட்டிப் போட்டது. அதைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு யாரிடமாவது நினைவில் இருந்தால் கேட்க எனக்கு ஆசை.

‘டாய் ஸ்டோரி’ படப் பாட்டுக்காரர்தானே என்று அவரைச் சுருக்குகிறவர்களுக்கு ஒரே பதில். 1995இல் வந்த அந்த நட்புப் பாட்டும் வேறு ஆளாக மாறி எழுதியதுதான். இந்தத் தடவை ஒரு பையனின் பொம்மை. பதினைந்து தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டுக் கிடைக்காமல், 2002இல் முதல் ஆஸ்கர், 2011இல் இரண்டாவது. இதை வைத்து அவரை அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படப் பாட்டுக்குப் போனதால் கூர்மை போய்விட்டது என்பவர்கள் 1999இல் வந்த ‘தி கிரேட் நேஷன்ஸ் ஆஃப் யூரோப்’ கேட்கட்டும். ஐரோப்பியர் கப்பலேறிப் போன இடமெல்லாம் ஆயுதமும் நோயும் மக்களை எப்படி அழித்தன என்பதைக் கொண்டாட்ட மெட்டில் பாடுகிறார். ‘செயில் அவே’ எழுதிய கை கொஞ்சமும் தளரவில்லை.

நீண்ட காலம் பாடியவரைக் கேட்க எனக்குப் பிடித்த வழி இது. 2003இல் அவர் தன் பழைய பாட்டுகளைத் தனியாகப் பியானோவோடு மறுபடி பாடிப் பதிவு செய்தார். ‘சாங்புக்’ வரிசையின் முதல் தொகுப்பு. அதில் ‘செயில் அவே’ இருக்கிறது. வயலின் இல்லை, குரலில் வயது ஏறியிருக்கிறது, கப்பலுக்குக் கூப்பிடுகிற ஆள் இப்போது கிழவன். போன மாதம் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். அன்று எழுந்துபோன தம்பி வந்திருந்தான். எது பிடித்தது என்று கேட்டதற்கு, புதுசில் பயமாக இருக்கிறது, இந்த ஆள் எத்தனை தடவை இந்தக் கரைக்கு வந்து போயிருப்பான் என்று தோன்றுகிறது என்றான். பாட்டி அவனைப் பார்த்து, பழையதை இன்னொரு தடவை போடச் சொல்லு என்றார்.