பழைய ஆபீஸ் கணினியில் லினக்ஸ் கேமிங்: வாங்குவதிலிருந்து சொந்தமாக ஒரு கேம் செய்வது வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கேம் விளையாட ஒரு கணினி வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதுசு வேண்டாம். ஈப்போவுக்குப் போய், ஆபீஸில் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றை எடுங்கள், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள சிப்புகளைச் சேர்த்துக்கொள்வதில்லை, அதனால் ஒரு குறையும் இல்லாத 6, 7-ஆம் தலைமுறை ஐ5 கணினிகள் சில நூறு வெள்ளிக்கே கைமாறுகின்றன. விண்டோஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே தலைமுறைகள் லினக்ஸில் நன்றாக ஓடும். ஆனால் விலை இன்னும் குறைவு என்று 4-ஆம் தலைமுறையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓடக் காரணம் புரோட்டான். 1993-லிருந்து வளர்ந்துவரும் வைன் என்ற மென்பொருளின் மேல் வால்வ் நிறுவனம் கட்டி, 2018 ஆகஸ்டில் தன் கேம் கடையான ஸ்டீமோடு சேர்த்துக் கொடுத்தது. அதற்குள் டிஎக்ஸ்விகே என்று ஒரு பகுதி இருக்கிறது, படம் வரைய விண்டோஸ் கேம்கள் கொடுக்கும் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸில் ஓடும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறையின் கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் வேலை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களுக்கு விகேடி3டி-புரோட்டான் அதையே செய்கிறது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0-லிருந்து வல்கன் 1.3 கட்டாயம். 4-ஆம் தலைமுறை இன்டெல் சிப்பில் உள்ள கிராஃபிக்ஸ் அந்த அளவை எட்டுவதில்லை, 6-ஆம் தலைமுறையில் உள்ளது எட்டுகிறது. ஆக, நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது ரேம் எத்தனை, உறையில் என்ன வண்ண விளக்கு என்பதையெல்லாம் அல்ல. வல்கன் 1.3 வருகிறதா, அதற்கு நல்ல டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா, அவ்வளவுதான்.

இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் பார்த்துவிடலாம். வீட்டிலேயே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஒரு பென்டிரைவில் எழுதிக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள், எதையும் நிறுவாமலே திரை வந்துவிடும். கைப்பேசியைக் கேபிளில் செருகி இணையம் கொடுத்து, வல்கன்-டூல்ஸ் என்ற சின்னத் தொகுப்பை மட்டும் இறக்கி, டெர்மினலில் வல்கன்இன்ஃபோவைச் சுருக்கமாகக் காட்டும்படி (vulkaninfo --summary) ஓட்டுங்கள். வருகிற வரிகளில் ஏபிஐ பதிப்பு (apiVersion) 1.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. அதற்குக் கீழே சாதனத்தின் பெயரையும் படியுங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்ற பெயர் மட்டும் இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலை செய்யவில்லை, பிராசசரே படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் பதிப்பு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏமாறவேண்டாம். அங்கே நின்றபடியே ரேம் எத்தனை பலகையாக இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கிராஃபிக்ஸுக்கும் அதே ரேம்தான், ஆகவே 16 ஜிபி ஒற்றைப் பலகையைவிட 8 ஜிபி இரண்டு பலகைகள் கண்கூடாக வேகமாக இருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு போட ஆசை இருந்தால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். ஆபீஸ் கணினியில் பெரும்பாலும் தனி மின்கம்பி வேண்டாத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் போட முடியும். கணினியின் பெட்டி சிறியதாக இருந்தால் உயரம் குறைந்த கார்டு வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்கினால் இதில் கம்பி மாட்டவே இடம் இருக்காது. என்னைக் கேட்டால் ஏஎம்டி கார்டுதான். மேசா என்ற திறந்த மூல டிரைவர் லினக்ஸோடேயே வந்துவிடுகிறது, தேடிப்போய் எதையும் போடவேண்டாம். ஆர்எக்ஸ் 6400 பொருத்தமான கார்டு, ஆனால் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதைகளில் அது நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் இந்தப் பழைய போர்டுகளில் கொஞ்சம் வேகம் குறையும், அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யும் ஓடும். ஆனால் என்விடியா தன் 580 வரிசை டிரைவரோடு அந்தத் தலைமுறைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இன்னும் பல வருடம் வைத்திருக்கப்போகிற கணினிக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

நிறுவுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, மின்ட் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது. வட்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டீம் கேம்களை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் வடிவமைத்த வட்டில் வையுங்கள். விண்டோஸிலிருந்து மிச்சமான என்டிஎஃப்எஸ் வட்டையே அப்படியே பயன்படுத்த நிறையப் பேர் பார்க்கிறார்கள், அப்புறம் கேம் திறக்கவில்லை என்று புரோட்டானைத் திட்டுகிறார்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்ன விண்டோஸ் அடைவை உண்டாக்குகிறது, அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்கள் வரும், விண்டோஸோ அப்படிப்பட்ட பெயர்களை ஏற்பதில்லை. ஏதாவது ஒரு கேம் முரண்டு பிடித்தால் அதன் பண்புகளில் பொருந்துதன்மைப் பகுதிக்குப் போய் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். அந்தக் கேமை மற்றவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று புரோட்டான்டிபி தளத்தில் படித்துக்கொள்ளலாம். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும்.

ஓடாதவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாலரன்ட் ஓடாது, லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் ஓடாது, வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் கருவுக்குள் (கெர்னல்) உட்காருவது, அதற்கு லினக்ஸில் இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024-இல் அதன் நிறுவனமே லினக்ஸைத் தடுத்துவிட்டது. நண்பர்களோடு தினமும் வாலரன்ட் ஆடுகிறவர் என்றால் விண்டோஸிலேயே இருங்கள், அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். டோட்டா 2, கவுன்டர் ஸ்டிரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது.

நம் தோட்டப்புறத்தில் லைன் விஷயம் தெரிந்ததுதானே. கைப்பேசி டேட்டாவில் 40 ஜிபி கேம் இறக்குவது நடக்காத காரியம். ஸ்டீமில் 2023-லிருந்து ஒரு வசதி இருக்கிறது, ஒரே ரவுட்டரில் உள்ள இரண்டு கணினிகளில் ஒன்றில் கேம் இருந்தால் மற்றது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். பதிவிறக்க அமைப்பில் நண்பர்களுக்கும் அனுமதி என்று மாற்றிவிட்டு, ஒருவர் வீட்டில் எல்லாரும் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடினால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடியும். படம் வரையும் சிறு நிரல்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் ஷேடர் முன்சேமிப்பையும் ஸ்டீமில் நிறுத்திவைத்தால் டேட்டா மிச்சம், முதல் முறை ஆடும்போது அங்கங்கே கொஞ்சம் தடுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அப்புறம் இடி. வானம் கறுத்தால் கணினியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வருகிற வீடு என்றால் அதையும் சேர்த்து. மின்னல் அந்தக் கம்பி வழியாக வந்து ரவுட்டரைத் தாண்டி மதர்போர்டு வரை போகும்.

சரி, ஆடுகிறீர்கள். அதே கணினியில் ஒரு கேமைச் செய்தும் பாருங்கள், அதற்கு நான் கை காட்டுவது கேம் செய்ய உதவும் மென்பொருளான கொடோ எஞ்சினைத்தான். அர்ஜென்டினாவில் பிறந்து, 2014-இல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி உரிமத்தில் திறந்து விடப்பட்டது. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சின் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பெற்றது, ஆனால் அடுத்தவர் கையில் இருக்கிற எஞ்சினில் விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அன்ரியல் அருமையான எஞ்சின், நம் பழைய ஐ5-இல் திறந்தாலே மூச்சு முட்டும். கொடோவோ ஒரே கோப்பு, நூறு எம்பிக்குள் இறங்கிவிடும், நிறுவவும் வேண்டாம். புதிய திட்டம் தொடங்கும்போது படம் வரையும் பகுதியாகக் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள், அது ஓப்பன்ஜிஎல்லில் ஓடுவதால் 4-ஆம் தலைமுறைக் கணினியில்கூட வேலை செய்யும்.

முதல் கேம் சின்னதாக இருக்கட்டும். செம்பனைப் பழங்கள் மேலிருந்து உதிர்கின்றன, கீழே கூடையை நகர்த்திப் பிடிக்கவேண்டும். பழத்துக்கு ஒரு காட்சி: தொடுவதைக் கண்டறியும் ஏரியா2டி, அதற்குள் படத்துக்கு ஒரு ஸ்பிரைட், மோதலுக்கு ஒரு வடிவம். பழத்தின் ஸ்கிரிப்டில் ஒரே வரி, ஒவ்வொரு ஃபிரேமிலும் அதன் செங்குத்து நிலையோடு (கொடோவில் கீழே போகப்போக அந்த எண் கூடும்) வேகம் பெருக்கல் டெல்டாவைக் கூட்டுவது. டெல்டா என்றால் முந்தைய ஃபிரேமுக்கும் இதற்கும் நடுவில் கழிந்த நேரம். அதைப் பெருக்காமல் விட்டால் உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரையில் மெதுவாக விழுகிற பழம் 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் விழும். கூடை பழத்தைத் தொட்டதும் வருகிற சிக்னலில் மதிப்பெண்ணைக் கூட்டி, பழத்தை நீக்கிவிடுங்கள்.

மதிப்பெண்ணைத் தமிழிலேயே எழுதுங்கள். கொடோ 3-இல் கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று சிதறும், 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது. ஒன்று மட்டும் முக்கியம். கொடோவின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, உங்கள் கணினியில் தெரிவதெல்லாம் லினக்ஸில் உள்ள எழுத்துருவைக் கடன் வாங்கித்தான், உலாவியில் ஓடும்போது அந்தக் கடன் கிடைக்காது, எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதைத் திட்டத்துக்குள்ளேயே போட்டு, தீமில் இயல்பு எழுத்துருவாக வையுங்கள். பிறகு வலைக்கான ஏற்றுமதி எடுத்து, முதன்மைக் கோப்புக்கு இன்டெக்ஸ் (index.html) என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜிப் (zip) கோப்பாக்கி இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றி, உலாவியில் ஆடும் கோப்பு என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன்பு உங்கள் கைப்பேசியில் ஒருமுறை திறந்து, விரலால் கூடை நகர்கிறதா என்று பாருங்கள். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அதில்தான் ஆடப்போகிறார்கள்.