வயல் ஆய்வு கோட்டை விடும் இடங்கள்

வேளாண் முதுகலை மாணவர்கள் பலர் ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் புள்ளியியல் ஆசிரியரைத் தேடிப் போகிறார்கள். அதற்குள் அறுவடை முடிந்து வயலை உழுதே போட்டிருப்பார்கள். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது, பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுப்பது மாதிரிதான் என்று ஆர். ஏ. ஃபிஷர் 1938ல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டிலேயே சொன்னார். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் வேலை பார்த்து, வயல் சோதனைக்கு முறை வகுத்துத் தந்தவர் அவர்.

நெல்லில் தழைச்சத்து அளவு பற்றிய சோதனை என்று வைத்துக்கொள்வோம். ஏழு ட்ரீட்மென்ட் (ஒப்பிட்டுப் பார்க்கும் ஏழு உர அளவுகள்), மூன்று ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு அளவும் மூன்று பாத்திகளில்), ஆக 21 பாத்திகள். அதிகம் பிசகுவது ப்ளாக் பிரிப்பதில், அதாவது ஏழு அளவும் ஒவ்வொரு முறை வரும்படி பாத்திகளைக் குழுவாக்குவதில். மடை வாய்ப் பக்கம் வண்டல் படியும், தண்ணீரும் முதலில் பாயும். கடைமடை அப்படி இருக்காது. ஒரு ப்ளாக்கில் இருக்கும் ஏழு பாத்திகளும் மடையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். படம் போட வசதியாக இருக்கிறதென்று மடையிலிருந்து கடைமடை வரை நீளவாக்கில் ப்ளாக்கை இழுத்துவிட்டால், மண்ணின் வித்தியாசமும் உரத்தின் வித்தியாசமும் கலந்துபோகும். அப்புறம் எந்தக் கணக்காலும் அவற்றை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் விடுவதும் இதே வகைதான். ஒரு பாத்தியில் போட்ட யூரியா தண்ணீரோடு அடுத்ததற்குப் போய்விடும். உரமே போடாத பாத்தி பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்தால் முதலில் வரப்பைப் பாருங்கள். பாசன வாய்க்கால் தனி, வடிகால் தனி. இதற்கு ஆகும் கூலியை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அடுத்தது, ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் தவறு. பாத்திக்குப் பத்துக் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள்) வீதம் தூர் (கிளைத்த தண்டுகள்) எண்ணி, 210 எண்களையும் தனித்தனி ரெப்ளிகேஷன் போல அலசுவது. உரம் போட்டது குத்துக்கு இல்லை, பாத்திக்கு. பத்துக் குத்தின் சராசரி அந்தப் பாத்திக்கு ஒரே எண். 21 பாத்தி இருந்தால் பிழைக்கு, அதாவது தற்செயல் வித்தியாசத்தை மதிப்பிட, மிஞ்சும் சுதந்திரப் படிகள் (ஒன்றையொன்று சாராத தகவல்களின் எண்ணிக்கை) 12தான். 210 என்று காட்டினால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தெரியும். அதை நம்பி ஒரு விவசாயி கூடுதல் உரம் வாங்கினால், பணம் அவர் கையிலிருந்துதான் போகிறது.

எந்தப் பாத்திக்கு எந்த அளவு என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யுங்கள். பார்வையாளர் வரும் பாதையோரம் நல்ல ட்ரீட்மென்டை வைப்பதெல்லாம் சரியில்லை. மண் மாதிரியை வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் தவிர்த்து எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை நடவுக்கு முன்பும் எடுத்திருக்க வேண்டும்.

அறுவடையில் ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டு உள்பகுதியை மட்டும் எடை போடுங்கள். ஓரத்துப் பயிருக்கு வெயிலும் இடமும் கூடுதல், மணியும் கூடுதல். ஈரப்பதத்தையும் அப்போதே அளந்து குறிக்க வேண்டும். 22 சதவீத ஈரத்தில் 5 கிலோ நின்ற நெல், வழக்கமான 14 சதவீதத்துக்கு மாற்றினால் சுமார் 4.53 கிலோதான். பிந்தி முதிர்ந்த பாத்தியை அன்றே ஈரத்தோடு எடை போட்டுவிட்டு அதற்குத்தான் மகசூல் அதிகம் என்று எழுதிவிட்டால், பிறகு சரிசெய்ய நெல்லும் கையில் இருக்காது.