வெளிச்சுவர்ப் பூச்சும் மரச்சட்டமும்: நாமே பழுது பார்ப்பது எப்படி?

வெளிச்சுவரில் பூச்சு பெயர்ந்தால் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அடுத்த மழையிலேயே ஒட்டுப் போட்ட இடம் அப்பளம் மாதிரி கழன்று கையோடு வந்தது. பழைய சுவரை நனைக்காமல் பூசியது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மேலே ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் கவனிக்காதது. தண்ணீர் இறங்கிய வழியே அதுதான்.

படி 1: தண்ணீர் வரும் வழி

பெயர்ந்த இடத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே பாருங்கள். ஜன்னல் ஓரம், கூரை விளிம்பு, மழைநீர்க் குழாயின் இணைப்பு இவைதான் வழக்கமான இடங்கள். சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உள்ளே ஈரம் நடமாடுகிறது. கசிவை அடைக்காமல் பூச்சு வேலையைத் தொடங்க வேண்டாம்.

படி 2: தட்டியும் குத்தியும் சோதனை

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் கணீரென்று வரும். உப்பிய இடத்தில் பொத்தென்று வரும். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததைவிட அது பெரிதாகத்தான் இருக்கும்.

அடுத்து ஸ்க்ரூடிரைவரின் முனையால் மரத்தைக் குத்திப் பாருங்கள். பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் மக்கியிருக்கும். சட்டத்தின் கீழ்முனைகளை விட்டுவிடாதீர்கள். மரத்தின் வெட்டுமுனை பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும்.

விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, படிக்கட்டு வடிவில் ஓடினாலோ, அது நம் கையில் அடங்காது. பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.

படி 3: பூச்சு

கோடு போட்ட இடத்தை உளியால் கொத்தி, கெட்டிப் பூச்சு வரும்வரை எடுத்துவிடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். தூசியைத் துலக்கிவிட்டுச் சுவரை நன்றாக நனையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்த சுவர் கலவையின் நீரை உறிஞ்சிக்கொண்டால் சிமெண்ட் இறுகுவதற்கு நீர் மிஞ்சாது. என் அப்பளத்தின் கதை அதுதான்.

1 பங்கு சிமெண்ட், 4 பங்கு சலித்த மணல். அரை மணி நேரத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும் குழையுங்கள். ஒரு பூச்சு 12 மி.மீ. கனத்தைத் தாண்ட வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால் முதல் பூச்சில் ஆணியால் கோடுகள் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாவது பூச்சைப் போடுங்கள். அப்புறம் 7 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெயிண்டுக்குச் சுமார் 28 நாள் பொறுங்கள். புதுப் பூச்சின் காரத்தன்மை பெயிண்டைக் கெடுத்துவிடும்.

பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் சுண்ணாம்பையே பூசுங்கள். மேலே கெட்டியான சிமெண்டைப் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பக்கத்துப் பூச்சையும் தளர்த்தும்.

படி 4: மரம்

மக்கிய பகுதியைச் சுரண்டி எடுத்து, மிச்ச மரத்தை முழுதாகக் காயவிடுங்கள். சிறிய பள்ளத்தை மரத்துக்கான எபாக்ஸிப் புட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்க்கலாம். மக்கல் ஆழமாகப் போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது மரம் வைப்பதே மேல்; புட்டியை மலையாகக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதுத் துண்டைப் பொருத்துவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் பிரைமர் அடியுங்கள், வெட்டுமுனைகளில் இரண்டு தடவை.

மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை.

படி 5: இரண்டும் சேரும் இடம்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சட்டத்தை ஒட்டிச் சிமெண்டை நெருக்கிப் பூசினால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். பூச்சு அந்த அளவுக்கு அசையாது. சில மாதங்களில் மயிரிழை இடுக்கு விழும், தண்ணீருக்கு அது போதும்.

அதனால் பூசும்போதே 6 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள். காய்ந்ததும் அதற்குள் நுரைக்கயிறு (கடையில் ‘பேக்கர் ராட்’ என்று கேளுங்கள்) திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, போடுங்கள். கயிறு இருந்தால் சீலண்ட் அடிப்பக்கம் ஒட்டாமல் இரு பக்கமும் மட்டும் பிடித்துக்கொண்டு, ரப்பர் போல இழுபடும். ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை சீலண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் விட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுங்கள், பழையதன் மேலேயே போட்டால் ஒட்டாது.