பிளாக் பெல்ட்டுக்கு அப்புறமும் கராத்தே செய்ய: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளி மைதானங்களை எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சீருடையில் ஒரு கூட்டம் வரிசை கட்டிக் கத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். முப்பதைத் தாண்டியவர் என்று தேடினால் மாஸ்டர் மட்டும்தான் அகப்படுவார். முன்பு அதே வரிசையில் நின்ற பழைய ஆட்களிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் மூன்று பதில்தான் வரும்: முட்டி வலி, நேரமில்லை, பிளாக் பெல்ட் வாங்கியாச்சே. இந்த வட்டாரத்தில் நெடுநாளாகப் பயிற்சி செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நேரமில்லை என்பது பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் போட்ட முக்காடு.

கடைசிப் பதிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெல்ட் கராத்தேயோடு கூடப் பிறந்ததில்லை. ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ வைத்திருந்த டான் என்ற தர வரிசை முறையைப் பார்த்து, 1924-இல்தான் அவர் தன் மாணவர்கள் சிலருக்கு முதல் கறுப்புப் பட்டை கொடுத்தார். அதற்கு முன் பல தலைமுறை ஆட்கள் எந்த நிறமும் இல்லாமல் ஆயுள் முழுக்கப் பயிற்சி செய்திருக்கிறார்கள். நம் ஊரிலோ மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் (பெல்ட் தேர்வு), ஒரு கட்டணம், ஒரு சர்டிபிகேட். வாரத்துக்கு இரண்டு வகுப்பு வரும் பிள்ளைக்கு இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று யோசியுங்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நான்கைந்து வருடம் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். விளையாட்டு இட ஒதுக்கீட்டை மனதில் வைத்துச் சேர்ப்பவர்கள், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியதற்கு அப்புறம் கேட்டு ஒரு பயனும் இல்லை.

முட்டிக்கு வருவோம். பலரைக் கராத்தேயை விட்டு அனுப்பியது எதிராளியின் உதை இல்லை, சொந்த ஸ்டான்ஸ்தான், அதாவது நிற்கும் நிலை. முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குட்சு டாச்சியில் முன்கால் முட்டி, பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். களைப்பு ஏற ஏற அது உள்பக்கமாகச் சாயும். குதிரை நிலையில், அதாவது கிபா டாச்சியில், இரண்டு முட்டியும் சேர்ந்து உள்ளே விழும். 'இன்னும் கீழே, இன்னும் கீழே' என்று மாஸ்டர் சத்தம் போடும்போது இடுப்பு இறங்குகிறதோ இல்லையோ, முட்டி கோணலாகிவிடும். கோணலான தாழ்ந்த ஸ்டான்ஸைவிட நேரான உயர்ந்த ஸ்டான்ஸ் எவ்வளவோ மேல்.

இதைவிட மோசமானது திரும்பும் நேரம். வெறுங்காலில் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு, முழு எடையையும் ஒரு காலில் வைத்து, இடுப்பை மட்டும் வெடுக்கென்று திருப்பினால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது முட்டிதான். எடையை லேசாக்கி, பாதமும் இடுப்பும் சேர்ந்து திரும்பப் பழக வேண்டும். மொசைக் தரையில் சங்கதி வேறு. வியர்வை சொட்டினால் வழுக்கும், பக்கத்தில் ஒரு துணி இருக்கட்டும்.

மணலில் செய்தால் முட்டிக்கு நல்லது என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. பாதி சரி. காய்ந்த மணலில் நேராக முன்னும் பின்னும் போக, குத்துப் பழக அருமையான இடம். கெண்டைக்கால் நன்றாக உழைக்கும். ஆனால் பாதம் புதைவதால், சுழன்று உதைப்பதும் கட்டாவில் (வரிசைப்படி தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பில்) வேகமாகத் திரும்புவதும் அங்கே வேண்டாம். அலை தொடும் ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசை பார்த்து ஒரு மணி நேரம் செய்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் நிற்கிறது. பாதி நேரம் வடக்கு, பாதி நேரம் தெற்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். புதுச்சேரி பீச் ரோட்டில் வண்டி விடாத அதிகாலை நேரம் நடக்கவும் உடம்பைச் சூடாக்கவும் சரி. அந்தக் கெட்டித் தரையில் வெறுங்காலோடு குதிப்பது சரியில்லை.

காற்றில் குத்தும்போதும் உதைக்கும்போதும் கையையோ காலையோ கடைசி வரை நீட்டி 'டக்' என்று பூட்டுவது இன்னொரு பழக்கம். கேட்க நன்றாக இருக்கும், முழங்கை சில வருடங்களில் கணக்குக் கேட்கும். முழுதாக நீளுவதற்குச் சற்று முன்பே தசையால் பிடித்து நிறுத்துங்கள். முழு நீளத்தில், முழு பலத்தில் அடிக்க, அடி வாங்கும் மெத்தைப் பேட் இருக்கிறது. அப்புறம் அந்த ஸ்பிளிட். உடம்பு சூடாகாத பிள்ளையை உட்கார வைத்து, பின்னாலிருந்து முதுகை அமுக்கிக் காலை விரிப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். தொடையின் பின்தசை கிழிந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது அவரவர் அளவுக்கு அவரவரே இறங்கினால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். எலும்பின் வளர்ச்சிப் பகுதி பதினாறு, பதினேழு வயது வரைகூட மூடாமல் இருக்கும். அதுவரை கெட்டித் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால், மக்கிவாராவில் (குத்திப் பழக நட்டு வைக்கும் பலகையில்) குத்து எதுவும் வேண்டாம். ஆண்டு விழாவில் ஓடு உடைப்பது, கை மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவது, அதற்கு ஒரு 'சாதனை' சான்றிதழ் வாங்குவது இவையெல்லாம் கூட்டம் சேர்க்கும் வித்தை. இதில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் எந்த மாஸ்டரும் கட்டாயப்படுத்த முடியாது, சொல்லுங்கள்.

நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை எளிதில் காயாது, உடம்பு குளிராது. வகுப்பு நடுவே தண்ணீர் குடித்தால் ஒழுக்கக் குறைவு என்ற பழைய பேச்சைச் சித்திரை, வைகாசியிலாவது மூட்டை கட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட மோர் அல்லது எலுமிச்சைச் சாறு நல்லது. தலை சுற்றல், வாந்தி வரும்போல் இருப்பது, இரண்டும் தெரிந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். பேச்சு குழறினால் நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கனமான கேன்வாஸ் சீருடை குத்தும்போது படபடவென்று சத்தம் தரும் என்பதற்காக வாங்குகிறார்கள். இந்த ஊருக்கு மெல்லிய பருத்திதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீருடை காயாது. அரை ஈரத்தோடு போட்டால் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வரும். முடிந்தால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைத் துவைத்தால் பலம் போய்விடும் என்கிறார்கள். போகாது, நாற்றம்தான் போகும்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கட்டா கற்றால், எதிரே நிற்பவரின் இடம் உங்களுக்கு வலமாகிப் பாதிப் பேருக்குத் தலைகீழாகப் பதிந்துவிடுகிறது. ஒரு தடவை பதிந்தால் மாற்றுவது பெரும்பாடு. முதுகுப்பக்கமிருந்து எடுத்த வீடியோவைத் தேடுங்கள். அதைவிட நல்லது, உங்களையே பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்ப்பது: பின்குதிகால் தூக்குகிறதா, தலை முன்னால் நீளுகிறதா என்று உடனே தெரியும்.

வேறு ஸ்டைல்காரரைப் பார்த்து 'உன் கட்டா தப்பு' என்பதும் வேண்டாம். ஃபுனாகோஷி வழி வந்த ஷோடோகான் ஸ்டைலில் முதலில் வரும் ஹெயான் ஷோதான் கட்டாவும், ஷிட்டோ ரியூ என்ற இன்னொரு ஸ்டைலின் பினான் நிதான் கட்டாவும் ஒரே வேர். ஒகினாவாவில் அங்கோ இடோசு என்ற மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த ஐந்து கட்டாவில் முதல் இரண்டை ஃபுனாகோஷி இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான். சிலம்பம் பழகிவிட்டு வரும் பிள்ளைகளையும் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். இடுப்போடு கையை இழுத்து வைக்க அவர்கள் திணறுவது உண்மைதான். ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்ற கணிப்பில் நம் பிரவுன் பெல்ட்டுகளை அவர்கள் சுலபமாக மடக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

குமிட்டே, அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது பற்றி ஒன்றே ஒன்று. உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டி விதியில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலை உதைக்கு 3. அந்த மூன்றுக்கு ஆசைப்பட்டு, கட்டுப்பாடு வராத பிள்ளைகள் வகுப்பிலேயே முகத்துக்குக் காலை வீசுகிறார்கள். போட்டியிலேயே முகத்தில் பலமாகப் பட்டால் புள்ளி கிடைக்காது, தண்டனைதான் கிடைக்கும். பல்லுக்கு கார்ட் இல்லாமல் யாரோடும் மோத வேண்டாம்.

நாற்பதைத் தாண்டித் திரும்பி வருகிறவர்கள் பழைய வேகத்தை முதல் வாரமே தேடுவார்கள். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், மூட்டும் தசைநாரும் மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. முதல் இரண்டு மாதம் குதித்து உதைப்பதை விட்டுவிட்டு, தெரிந்த கட்டாவைப் பாதி வேகத்தில் செய்யுங்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், அந்த மூட்டு வலி மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் விரல் மடங்காத நாளில் குமிட்டேவுக்கு இறங்காதீர்கள். மாஸ்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு ஓரமாக நின்று கிஹோன் (அடிப்படைப் பயிற்சி) செய்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.