கூடாரத்துக்கு வெளியே சத்தம்

முதன்முதலாக கேம்பிங் போன இரவில் எங்களைத் தேடி வந்தது கரடி அல்ல, கண்ணைச் சுற்றிக் கருப்பு முகமூடி போட்டது போலிருக்கும் ரக்கூன் என்கிற சிறு மிருகம். நடுராத்திரியில் பிளாஸ்டிக் உறை கசங்குகிற சத்தம் கேட்டு டார்ச் அடித்தேன். கூலர் பெட்டியின் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, முன்னங்கால் இரண்டையும் கை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது, அப்புறம் தன் வேலையைத் தொடர்ந்தது.

அதற்கு முந்தைய ஒரு வாரமும் நான் கரடியைப் பற்றி மட்டும்தான் படித்திருந்தேன். புதிதாக வருகிறவர்களில் பலர் இப்படித்தான். பல்லும் நகமும் உள்ளதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது, சாதுவாகத் தெரிவதன் பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுக்கிறோம். அந்த இரண்டாவது பழக்கம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். நான் இருப்பது வட அமெரிக்கா என்பதால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பக்கத்து விலங்குகளைப் பற்றியது.

முதலில் வாசனை. மிருகம் உங்களைத் தேடி வருவதில்லை, உங்கள் சாப்பாட்டைத் தேடி வருகிறது. அதன் மூக்குக்கு டூத்பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், கழுவாத பாத்திரம், குழந்தை தின்று மிச்சம் வைத்த பிஸ்கட் எல்லாமே சாப்பாடுதான். எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பல முகாம்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள் பூட்டி வைத்தால் போதும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு காரிலும் வைக்கக் கூடாது. அங்குள்ள கரடிகளுக்குக் கார் கதவை வளைத்துத் திறக்கத் தெரியும். அதற்கென்றே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். போனவுடன் அந்தந்த இடத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாவமாக இருக்கிறதே என்று விலங்குக்கு எதையாவது நீட்டவும் வேண்டாம். கனடாவின் தேசியப் பூங்காக்களில் அது குற்றம், அபராதம் 25,000 டாலர் வரை போகலாம்.

சரி, கரடியே வந்துவிட்டால்? ஓடக் கூடாது. அது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கருங்கரடி மரமும் ஏறும். முதுகைக் காட்டாமல், சாதாரணக் குரலில் பேசியபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். பாய்ந்து வரும் கரடியின் மேல் அடிக்கிற கரடி ஸ்ப்ரே வாங்கினால் பையின் அடியில் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள். கொசு மருந்து என்று நினைத்து அதைக் கூடாரத்தின் மேலும் உடம்பிலும் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. உள்ளே இருப்பது மிளகாய்க் காரம். எரிச்சல் ஒருபுறம் இருக்க, காய்ந்த பிறகு அந்த வாசனை கரடியைக் கூப்பிட்டாலும் கூப்பிடும். விமானத்தில் அதை ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சாதுவாகத் தெரிகிறவை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு கரடியோ ஓநாயோ அல்ல, பைசன். பார்த்தால் சோம்பேறி எருமை போல மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் நம்மைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடக்கூடியது. வாலைத் தூக்கிவிட்டால் கோபம் வந்துவிட்டது என்று பொருள். எல்க் மான் செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் பருவத்தில் முரட்டுத்தனமாக இருக்கும். கோடைத் தொடக்கத்தில் குட்டியோடு இருக்கும் தாய் அதைவிட மோசம். கனடாவின் பூங்காக்களில் மான் வகைகளுக்கு 30 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். விலங்கு முழுதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் நீங்கள் கிட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

உண்மையில் எனக்கு அதிகப் பயம் மான் இனத்திலேயே பெரிதான மூஸ் மேல்தான், அதுவும் சாலையில். கால் நெட்டை என்பதால் கார் மோதினால் அதன் உடம்பு முழுதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நம் மேல் வந்து விழும். கண்கள் ஹெட்லைட் மட்டத்துக்கு மேலே இருப்பதால் மற்ற மான்களின் கண் மாதிரி இருட்டில் மின்னுவதும் அபூர்வம். பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் சிறு மிருகமான ஸ்கங்க் முன்னங்காலால் தரையைத் தட்டி வாலைத் தூக்கினால், மேலே போகாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். தக்காளிச் சாறு அந்த நாற்றத்தைப் போக்கும் என்பது கட்டுக்கதை.

கண்ணுக்குத் தெரியாமல் வருவது உண்ணி. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், குழந்தைகளின் தலை எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம். உண்ணி பரப்பும் லைம் நோய் என்கிற கிருமித் தொற்று வர, பொதுவாக அது 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அன்றன்றே பார்த்துவிடுவது அதனால்தான். தூங்கி எழும்போது அறைக்குள் வௌவால் இருந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். வௌவால் பல் பதிந்தது பல சமயம் கண்ணில் படாது. வௌவால் கடியால் வரக்கூடிய ரேபீஸ் என்கிற வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஆஸ்திரேலியா போனவர்களுக்கு இரண்டு வார்த்தை. கங்காருவும் மூஸ் போலத்தான், பொழுது சாய்ந்ததும் சாலைக்கு வரும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாதீர்கள், அங்கே ஒட்டியிருக்கும் விஷம் எந்த முறிமருந்து என்று தீர்மானிக்க உதவலாம். கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து, அவசர எண்ணான 000-ஐ அழையுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள்.