பர்சனல் கோச்: செய்யும் வேலையும் செய்யக்கூடாத வேலையும்

வேலையிலோ வாழ்க்கையிலோ ஒருவர் தன் இலக்கை எட்ட உடனிருந்து உதவுவதுதான் கோச்சிங். ஆனால் அது ஊக்கம் கொடுத்துப் பேசுவது என்று நினைப்பவர்கள் அதிகம். கிளையன்ட் மட்டுமல்ல, புதிதாக கோச்சாகத் தொடங்குபவர்களும் அப்படித்தான். ஒரு மணி நேர செஷனில் கோச் கால்வாசி நேரம் பேசினாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் காது கொடுப்பது, கேள்வி கேட்பது, போன தடவை சொன்னதை நினைவில் வைத்திருந்து உரிய இடத்தில் எடுத்துப் போடுவது.

இலக்கைப் பேசுவதற்கு முன்பே ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்துவிடுங்கள். 45 முதல் 60 நிமிட செஷன், இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் 6 முதல் 12 என்பது பரவலான வழக்கம். கட்டணம், ரத்து செய்ய எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது, எல்லாம் அதில் இருக்கட்டும். கட்டணத்தை நிறுவனம் கட்டினால் கூடுதல் கவனம் தேவை. வருகை விவரமும் இலக்கும் மேலாளருக்குப் போகலாம், பேசியது போகாது என்று மூன்று தரப்பும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் "ஆள் எப்படி, தேறுவாரா?" என்று மேலாளர் போன் செய்வார். அப்போது எதைச் சொன்னாலும் வம்பு.

"தன்னம்பிக்கை வேண்டும்" என்பது இலக்கு அல்ல. "அது வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் என்ன மாற்றத்தைப் பார்ப்பார்?" என்று கேளுங்கள். "வார மீட்டிங்கில் யாரும் கேட்காமலே என் கருத்தைச் சொல்வேன்" என்று பதில் வந்தால், அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம்.

செஷனை நடத்த, பிரிட்டிஷ் கோச் ஜான் விட்மோர் பரவலாக்கிய குரோ (GROW) முறை போதும்: இலக்கு, இப்போதைய நிலவரம், வழிகள், எடுக்கும் முடிவு. புதியவர்கள் சறுக்குவது இரண்டாவதில். நிலவரத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வழிகளுக்குத் தாவுவார்கள். கிளையன்ட் "நேரமே கிடைக்கவில்லை" என்றதும் நேர மேலாண்மை பற்றிப் பேச ஆரம்பித்தால் போச்சு. "போன வாரம் எந்த நாளில் அந்த வேலைக்கு உட்கார நினைத்தீர்கள்? அந்த நேரத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால், நேரம் இருந்தது, தொடங்கத்தான் பயம் என்று அவர் வாயாலேயே வரக்கூடும். அறுபது நிமிடத்தில் இருபது நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளம், யோசிக்கிறவருக்கு அல்ல. "ஏன் செய்யவில்லை?" என்றால் சாக்கு வரும், "எது தடுத்தது?" என்றால் விவரம் வரும். "மேலாளரிடம் நேரடியாகப் பேசலாமே?" என்பது கேள்வி வேஷம் போட்ட அறிவுரை. அது பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவு உங்களுடையதாகிவிடும். அடுத்த சிக்கலுக்கும் விடை கேட்டு உங்களிடமே வருவார்.

கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன, எப்போது, செய்ததை எப்படி அறிவது என்று அவரே சொல்லட்டும். "பத்துக்கு எத்தனை உறுதி?" என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே என்றால் வேலையைச் சின்னதாக்குங்கள். செய்யாமல் வந்தால் திட்டவும் வேண்டாம், "பரவாயில்லை" என்று கடக்கவும் வேண்டாம். அந்தச் செஷனில் பேச அதுவே நல்ல விஷயம்.

தூக்கம், பசி, எதிலும் நாட்டம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் மனநல நிபுணரிடம் அனுப்புங்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அந்தக் கணமே இலக்குப் பேச்சை நிறுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் அவசர உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். நோயின் பெயரைச் சொல்வது கோச்சின் வேலையே அல்ல.

பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால்தான் சான்றிதழுக்கு மதிப்பு. 1995-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் முதல் நிலைச் சான்றிதழான ஏசிசி-க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசி-க்கு 125, 500.

கோச்சிங்கை முடிப்பது பற்றி ஓரிரு செஷனுக்கு முன்பே பேசத் தொடங்குங்கள். "இன்னும் கொஞ்ச நாள் தொடரலாமே" என்று கிளையன்ட் கேட்டால் புதிய இலக்கு என்ன என்று கேளுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு இழுக்காதீர்கள்.